கேள்வி–பதில்: நூலகத்துக்குக் கணினி வந்த காலம்

நூலகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே காலத்தைத் தொட்டுச் செல்பவற்றை, அதாவது 1960-களின் நடுப்பகுதியிலிருந்து 2000 வரையிலான ஆண்டுகளைப் பற்றியவற்றை, இம்மாதம் ஒன்றாகத் தொகுத்துப் பதிலளித்திருக்கிறோம்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் 1990-களின் தொடக்கத்தில் கணினி வாங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எல்லா நூல்களின் விவரங்களையும் அதில் ஏற்றினோம். ஆனாலும் மாணவர்கள் அட்டை இழுப்பறைகளையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க நூலகங்களைக் கணினி தலைகீழாக மாற்றிவிட்டது என்கிறார்களே, நம்மிடம் ஏன் அப்படி நடக்கவில்லை?
– ஓய்வுபெற்ற நூலக உதவியாளர், திருநெல்வேலி

கணினியால் நூலகத்துக்குக் கிடைத்த பெரும் பயன் தேடும் வேகம் என்றே பலரும் கருதுகிறார்கள். ஒரு நூலகர் செய்த வேலையை இன்னொரு நூலகர் மறுபடியும் செய்ய வேண்டியதில்லை என்ற நிலை உருவானதுதான் உண்மையான பயன் என்பது என் கருத்து. இந்த எண்ணம் கணினிக்கு முந்தையது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901 முதலே அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்றுவந்தது; அங்கே ஒருமுறை விவரிக்கப்பட்ட நூலுக்குச் சிற்றூர் நூலகர் புதிதாக அட்டை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 1965-இல் அந்நூலகத்தில் பணியில் சேர்ந்த கணினி நிரலர் ஹென்ரியட் ஆவ்ரம், அட்டையில் இருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650 என்பதுபோல எண்கள் கொடுத்து, கணினி படிக்கத்தக்க ஒரு வடிவத்தை உருவாக்கினார். மார்க் என்று அழைக்கப்பட்ட அவ்வடிவத்தின் சோதனை ஓட்டம் 1966-இல் தொடங்கியது. 1969 முதல் நூல் விவரங்கள் காந்த நாடாக்களில் நாடெங்கும் அனுப்பப்பட்டன. ஒகையோ மாநிலக் கல்லூரிகள் 1967-இல் தொடங்கிய கூட்டமைப்பில் ஃபிரெடரிக் கில்கூர் என்பவர் அந்த நாடாக்களை ஒரு மையக் கணினியில் ஏற்றி, தொலைபேசித் தடங்கள் வழியே பல நூலகங்களை அதனுடன் இணைத்தார். 1971 ஆகஸ்டு 26-ஆம் நாள் அந்த இணைப்பில் பட்டியலிடும் பணி தொடங்கியது.

அந்த ஏற்பாட்டிலிருந்து நூலகங்கள் நெடுங்காலம் பெற்றுவந்ததும் அட்டைகளைத்தான். நூலகர் திரையில் நூலைத் தேடுவார்; வேறொரு நூலகம் ஏற்கெனவே விவரித்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டு ஒரு விசையை அழுத்துவார்; அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட அட்டைகள் அஞ்சலில் வந்து சேரும். அக்கூட்டமைப்பு தன் கடைசி அட்டையை அச்சிட்டது 2015-இல்தான். எனவே உங்கள் மாணவர்கள் இழுப்பறையை விடாமல் பற்றிக்கொண்டதில் வியப்படைய ஒன்றுமில்லை.

நம் நாட்டில் நடந்தது வேறு. யுனெஸ்கோ 1985 இறுதியில் தனிமேசைக் கணினிகளுக்கென வெளியிட்ட சி.டி.எஸ். ஐசிஸ் மென்பொருள், இலாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அறிவியல் தொழில்நுட்பத் தகவல்களுக்கான மத்திய அரசின் நிசாட் திட்டம் அதை நூலகங்களுக்கு வழங்கிப் பயிற்சியும் அளித்தது. குறைந்த நினைவகத்தில் ஓடக்கூடிய, ஒரு நூலுக்கு எத்தனை ஆசிரியர்கள் இருந்தாலும் இடம் தரக்கூடிய, நல்ல மென்பொருள் அது. குறை அதில் இல்லை. ஒவ்வொரு நூலகமும் தன் நூல்களைத் தானே, தனக்குத் தோன்றிய முறையில், தனியாக ஏற்றியதுதான் குறை. நூல் விவரங்களை நூலகங்கள் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ள யுனெஸ்கோ 1984-இல் வெளியிட்ட பொதுப் பரிமாற்ற வடிவத்தைச் சிலர் பின்பற்றினார்கள். பலர் ஆசிரியர் பெயரின் முன்னெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதைக்கூடத் தாங்களே முடிவு செய்தார்கள். ஒரே பாடநூலை நூறு கல்லூரிகள் நூறு தடவை தட்டச்சு செய்தன. இதைச் சரிசெய்யும் நோக்குடன் தில்லியில் டெல்நெட் 1988-லும், பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃபிளிப்நெட் 1991-லும், சென்னையில் மாலிப்நெட் 1993-லும் நூலகங்களை இணைக்கும் வலையமைப்புகளாகத் தொடங்கப்பட்டன. ஆனால் அதற்குள் பல நூலகங்களில் வேலை பாதிக்குமேல் முடிந்திருந்தது. அத்துடன், தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டது வாங்கிய நூல்களை வரிசையாக எழுதிவைக்கும், பக்க எண்ணிட்டுத் தைத்த வரவுப் பதிவேட்டைத்தான்; ஆகவே கணினி அந்தப் பதிவேட்டின் இன்னொரு படியாகவே பல இடங்களில் நின்றுவிட்டது.

1960-களில் வெளிவந்த சில தமிழ் நாவல்களின் முதற்பதிப்பு இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் இருப்பதாகப் பட்டியல் காட்டுகிறது. நம் நூல்களை அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்வது சரியா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை

சரியன்று. அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். அந்தப் பணம் நாம் உண்ட கோதுமைக்கு நாம் கொடுத்தது. பி.எல். 480 என்று நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் 1954-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, இந்தியா கோதுமைக்கான விலையை ரூபாயில் செலுத்தியது. அந்த ரூபாயின் பெரும்பகுதியை இந்தியாவிலேயே செலவிட வேண்டியிருந்தது. 1958-இல் செய்யப்பட்ட ஒரு திருத்தம் அதில் ஒரு பகுதியைக் கொண்டு நூல்கள் வாங்க வழிசெய்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புதுதில்லியில் ஓர் அலுவலகம் அமைத்து, 1962 முதல் இந்திய மொழிகளில் அவ்வப்போது வெளிவந்த நூல்களையும் இதழ்களையும் பல படிகள் வாங்கி, திட்டத்தில் சேர்ந்திருந்த பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது.

பணம் தாராளமாக இருந்ததால் வாங்கியவர்கள் அதிகம் பொறுக்கவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தகுதியற்றவை என்று ஒதுக்கிய மலிவு நாவல்களும், எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிட்ட கவிதைத் தொகுதிகளும், சில இதழ்களோடு நின்றுபோன சிற்றிதழ்களும் கப்பலேறின. பிற்கால ஆய்வாளருக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் இத்தகையவையே. அகலமாக வாங்கிய அவர்களுடைய செல்வச் செழிப்பு, நல்லதையே வாங்கவேண்டும் என்ற நம் நூலகர்களின் கண்டிப்பைவிடத் தமிழுக்கு அதிக நன்மை செய்திருக்கிறது என்று சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும் அதுவே உண்மை.

இங்கே ஏன் இல்லை என்பதற்கும் விடை இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பாவிட்டால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் செலுத்த வேண்டும். இத்தொகைக்கு அஞ்சிய பதிப்பாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். நூலக ஆணையில், அதாவது பொது நூலகங்களுக்கென அரசு மொத்தமாக வாங்கும் ஏற்பாட்டில், வாங்கப்பட்ட நாவல்களோ கிளை நூலகங்களுக்குச் சென்றன. அங்கே கைமாறிக் கைமாறிக் கிழிந்து, விதிப்படி கழிவு செய்யப்பட்டன. கிளை நூலகத்தின் கடமை படிக்கக் கொடுப்பது; அது தன் கடமையைச் செய்தது. ஒரு படியையாவது காப்பது வேறு நூலகங்களின் பொறுப்பு.

அந்த வெளிநாட்டுப் பட்டியல்களில் தமிழ் நூல்களின் பெயர்களை உரோமன் எழுத்தில் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு எழுதியிருக்கிறார்களே, தமிழிலேயே எழுத முடியாதா?
– கணினி அறிவியல் மாணவி, கோயம்புத்தூர்

அச்சிட்ட அட்டையில் முடியும். ஆனால் அன்றைய நூலகக் கணினியில் முடியாது. அமெரிக்க ஆய்வு நூலகங்களின் மற்றொரு கூட்டமைப்பு 1983-இல் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கும், பின்னர் எபிரேயத்துக்கும் அரபிக்கும் வழிசெய்தது. இந்திய எழுத்துகளுக்கு அந்த நூற்றாண்டுக்குள் முறை வரவில்லை. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றும் ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். அதன்படி சகரத்துக்கு எப்போதும் 'சி' (c), தகரத்துக்கு எப்போதும் 'டி' (t). எனவே சுப்பிரமணியன் 'எஸ்' வரிசையில் அகப்பட மாட்டார். காந்தியின் பெயரில் 'டி'யை (t) அடுத்து 'ஐ' (i) வருமேயன்றி 'டிஹெச்' (dh) வராது. பழகாதவருக்கு இது பெருந்தொல்லை.

அதே காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு), 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் நூலக மென்பொருள்கள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றத்தை, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டை, வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் 'கம்பராமாயணம்' என்று தெரிவது, மற்றொன்றில் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. அதற்குமுன் உள்ளிடப்பட்ட பட்டியல்கள் அந்த எழுத்துரு கிடைக்கும்வரைதான் பயன்பட்டன. அவர்களுடைய அழகற்ற உரோமன் பதிவுகளோ ஒரே விதியைப் பின்பற்றியதால், இன்று ஒரு சிறிய நிரலைக் கொண்டே பெரும்பாலும் பிழையின்றித் தமிழாக்க முடிகிறது.

ரோஜா முத்தையாவின் சேகரிப்பை 1990-களில் நுண்படச் சுருள்களில் பதிவு செய்தார்கள் என்று படித்தேன். கணினி வந்துவிட்ட காலத்தில் ஏன் பழைய முறையை நாடினார்கள்?
– பள்ளி ஆசிரியர், காரைக்குடி

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோட்டையூரில், பெயர்ப்பலகை ஓவியராக வாழ்ந்த முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை நூல்கள் மட்டுமல்ல. இதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் என எவரும் பொருட்படுத்தாதவற்றையும் அவர் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை விலைக்கு வாங்கியது; ஆனால் கடல் கடத்தாமல், 'மொழி' என்ற அறக்கட்டளையின் துணையோடு 1994-இல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பி.எல். 480 சென்ற திசைக்கு நேரெதிரான முடிவு இது.

நுண்படத்தை, அதாவது பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதியும் முறையை, தேர்ந்தெடுத்ததற்குத் தாளும் ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவிய மரக்கூழ்த் தாளில், மை பரவாதிருக்கச் சேர்த்த படிகாரம் காலப்போக்கில் அமிலமாகித் தாளின் இழைகளை அறுக்கிறது. சென்னையின் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. பக்கத்தை மடித்தால் ஒடியும் நிலையிலுள்ள நூலுக்குக் கையில் இருக்கும் உறுதியான முறையே மருந்து. பாலியெஸ்டர் அடிப்பொருளில் அமைந்த வெள்ளிப்படச் சுருளைத் தக்க குளிர்ச்சியிலும் உலர்வான சூழலிலும் வைத்தால் ஐந்நூறு ஆண்டுகள் நிற்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அதைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு வில்லையும் போதும். 1994-இல் ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 650 மெகாபைட். அதைப் படிக்கும் கருவி இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்குமா என்று எவராலும் உறுதி சொல்ல இயலவில்லை. இன்று உங்கள் மடிக்கணினியில் அந்தத் தகட்டைச் செருக இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

நுண்படத்துக்கும் குறைகள் உண்டு. படிப்பவரின் கண்ணும் கழுத்தும் வலிக்கும். சொல்லைத் தேட முடியாது. பழைய அசிடேட் சுருள்கள் புளித்த காடியின் வாடை வீசிக்கொண்டே கெட்டுப்போகும். இவற்றைவிடப் பெரிய தவறு, படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை வீசிவிடுவது. அமெரிக்க நூலகங்கள் சில, நாளிதழ்த் தொகுதிகளின் தையலை வெட்டிப் படமெடுத்து, பின்னர் அவற்றைக் கழித்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கடுமையான கண்டனத்துக்கு ஆளாயின. ரோஜா முத்தையா நூலகம் மூலங்களைக் கைவிடவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவற்றுக்கு இப்படிப் படிகள் எடுத்து வைத்திருந்தால்?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

1981 மே 31-ஆம் நாள் இரவு எரியூட்டப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் இருந்தன. அந்நூலகத்தின் அமைப்புக்கு இந்திய நூலகவியலின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டிருந்தது. நூலகம் என்ற வகையில் அதன் திட்டமிடலில் குறைசொல்ல இடமில்லை. நுண்படத் தொழில்நுட்பம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நூலகங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அச்சு நூல்களில் பலவற்றை வேறு இடங்களிலிருந்து மீண்டும் தேடிப் பெறலாம். சுவடிகளுக்கு வேறோர் ஊரில் ஒரு படச்சுருள் இருந்திருந்தால் அவற்றின் எழுத்தாவது எஞ்சியிருக்கும். படியை மூலத்திலிருந்து தொலைவில் வைக்கவேண்டும் என்ற விதி, தீயும் வெள்ளமும் மட்டுமே பகை என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. அரசியலுக்கும் அது பொருந்தும் என்பதை அந்த இரவு காட்டியது.

பட்டைக் குறியீடு ஒட்டுவதால் நூலகத்துக்கு உண்மையில் என்ன பயன்? எங்கள் ஊர் நூலகத்தில் ஒட்டினார்கள், ஆனால் இன்னும் கையால்தான் பதிகிறார்கள்.
– கும்பகோணம் வாசகர்

நூல் வழங்கும் இடத்தில் சில நொடிகள் மிச்சமாகும், அது பெரிதன்று. இருப்புச் சரிபார்ப்பின்போதுதான் அதன் அருமை தெரியும். பதிவேட்டை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் அடுக்கில் தேட, நூலகத்தை வாரக்கணக்கில் மூடிவைத்துச் செய்த வேலையை, கையடக்கக் கருவியால் அடுக்கடுக்காக வருடிச் சில நாள்களில் முடித்துவிடலாம். அடுத்த கட்டமான, நூலில் ஒட்டித் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க வானலைச் சில்லுகளைச் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகம் 1998-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கருவியானாலும், ஒட்டிய குறியீட்டு எண்ணைக் கணினியில் அந்நூலின் பதிவோடு இணைத்தால்தான் பயன். உங்கள் ஊரில் அந்த இணைப்பு வேலை விட்டுப்போயிருக்கக்கூடும்; நூலகரிடம் கேட்டுப் பாருங்கள்.