பிளாக் பெல்ட் வாங்கிய பிறகும் ஏன் அதே பழைய குத்துப் பயிற்சி?

மகனுக்குக் கராத்தேயில் பிளாக் பெல்ட் கிடைத்தும் மாஸ்டர் அடிப்படைக் குத்தையே போடச் சொல்கிறார், புதிதாக ஒன்றும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பிளாக் பெல்ட் நிலைக்கு ஜப்பானிய மொழியில் 'ஷோடான்' என்று பெயர். 'ஷோ' என்றால் தொடக்கம். இத்தனை நாள் எழுத்துக் கூட்டியாயிற்று, இனிமேல்தான் வாசிப்பு.

சரி, பின்கால் பக்கத்துக் கையால் போடும் 'கியாகு சுகி' குத்தையே எடுத்துக்கொள்வோம். கையால் குத்துவது போலத்தான் தெரியும். உண்மையில் பின்கால் தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, அந்த விசை தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. மற்றக் கை அதே நொடியில் இடுப்புக்கு இழுபடும். தோளை இறுக்கினால் வேகம் அங்கேயே செத்துவிடும். வெள்ளை பெல்ட்டில் இருக்கும்போது கண்ணுக்குக் கை மட்டும்தான் படும். பின் குதிகால் தூக்கிக்கொள்வதும் இடுப்பு முந்திவிடுவதும் பல வருடம் கழித்தே பிடிபடும்.

ஒகினாவாவில் பிறந்து, 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டியவர் ஃபுனாகோஷி கிச்சின். டெக்கி என்கிற மூன்று கட்டாக்களுக்கு (அடியும் தடுப்புமாக வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) மட்டுமே பத்து வருடம் செலவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இப்போதோ சில வகுப்புகளில் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட்!

அப்புறம், வகுப்புக்கு ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். நூறாவது குத்திலும் மாஸ்டர் கிட்டே வந்து தோளையும் குதிகாலையும் திருத்துகிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள். எண்ணச் சொல்லிவிட்டு போனை நோண்டினால், வேறு இடம் பார்க்கலாம்.