பெரிய கெளுத்தியை என்ன செய்வது? – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. உங்கள் தளத்தில் மீன்பிடிப்பு பற்றி வரும் எதையும் விடாமல் வாசிப்பவன். என் அப்பா பவானிக்காரர். காவிரியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நண்பர்கள் மூவர் சேர்ந்து பழைய படகு ஒன்று வாங்கி, டெக்சஸ்–ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் டெக்சோமா ஏரிக்குப் போய்வருகிறோம். கோழி ஈரலைக் கோத்துப் போட்டால் இரண்டு மூன்று பவுண்டு கெளுத்தி தாராளமாகக் கிடைக்கிறது. போன மாதம் 34 அங்குல நீலக் கெளுத்தி ஒன்று எப்படியோ மாட்டியது. படகுத்துறையில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்துப் படகில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் வந்து வாழ்த்திவிட்டு, "இதைத் திரும்ப விட்டுவிடலாமே தம்பி" என்கிற மாதிரி மென்மையாகச் சொன்னார். நண்பர்கள் கேட்கவில்லை. அன்று நான்கு வீட்டில் குழம்பு. எனக்கு மட்டும் மனது சரியில்லை. அப்பாவிடம் சொன்னேன். "பிடித்த மீனை ஆற்றில் விடுவதற்கு ஏன் பிடிக்க வேண்டும்?" என்றார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

பிப்ரவரியில் அப்பா இங்கே வருகிறார். அவர் கையால் ஒரு பெரிய மீனையாவது தூக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பெரியது எங்கே இருக்கும், எப்படிப் பிடிப்பது? பிடித்தால் விடுவதா, வைத்துக்கொள்வதா? கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

பிப்ரவரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நல்ல நேரத்தில்தான் வருகிறார். வட டெக்சஸில் பெரிய நீலக் கெளுத்திக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். டெக்சோமாவின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன மீனும் ஜனவரியில் பிடிபட்டதுதான். 2004 ஜனவரியில் கோடி முல்லெனிக்ஸ் என்பவர் கரையில் நின்றபடியே, ஷேட் மீனை இரையாகக் கோத்து, 20 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் 121.5 பவுண்டு மீனை இழுத்துப் போட்டார். ஏறத்தாழ 55 கிலோ. அன்றைக்கு அது நீலக் கெளுத்தியில் உலகச் சாதனை. அவர் அதை வெட்டவில்லை. உயிரோடு டெக்சஸின் ஏதென்ஸ் நகரில் உள்ள மாநில நன்னீர் மீன்வள மையத்துக்குக் கொடுத்தார். அதற்கு 'ஸ்பிளாஷ்' என்று பெயரும் வைத்தார்கள். 2005 டிசம்பரில் இறக்கும்வரை பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து கண்ணாடித் தொட்டியில் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாதனை பிறகு சில முறை கைமாறி, இப்போது வர்ஜீனியாவின் கெர் ஏரியில் இருக்கிறது. 2011 ஜூனில் நிக் ஆண்டர்சன் பிடித்த 143 பவுண்டு மீன் அது.

இனி உங்கள் முதல் கேள்வி. ஈரலை விட்டுவிடுங்கள். ஈரலின் வாசத்துக்கு முதலில் வருவது சிறிய சேனல் கெளுத்திகள்தான். பெரிய நீலக் கெளுத்தி இளமையில் புழு, பூச்சி, சிப்பி என்று கிடைத்ததைத் தின்றாலும், உடம்பு வைத்தபின் முக்கியமாக மீன்தின்னி ஆகிவிடுகிறது. டெக்சோமாவில் அதன் சோறு ஷேட். நம் மத்திக்கு உறவுக்கார மீன். குளிர் இறங்கினால் ஷேட் விறைத்துத் தள்ளாடும், கொத்துக் கொத்தாகச் சாகும். கெளுத்திக்கு அது உட்கார்ந்த இடத்தில் பந்தி. அதனால் குளிர்காலத்தில் கெளுத்தியைத் தேடவேண்டாம், ஷேட்டைத் தேடுங்கள். கடற்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு இறங்கினால் அடியில் ஷேட் இருக்கிறது. படகில் சோனார் (ஒலியால் மீனைக் காட்டும் கருவி) இருந்தால் அடர்ந்த மேகம்போலத் தெரியும். நீர்க்காகங்கள் இரவு தங்கும் பட்ட மரங்களின் அடியும் நல்ல இடம். அவற்றின் எச்சம் விழும் இடத்தில் கெளுத்தி கூடும் என்று இங்கே பழகியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, குளிர் என்றால் ஆழத்தில்தான் மீன் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆழத்திலும் உண்டு. ஆனால் இரண்டு மூன்று நாள் வெயில் அடித்து, தெற்குக் காற்று ஒரு கரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தால், அந்தக் கரையில் மத்தியானத்துக்குமேல் இடுப்பளவு தண்ணீரில் நாற்பது பவுண்டு மீன் மேயும். வெயிலில் சூடேறிய மேல்நீரைக் காற்று அங்கே தள்ளிச் சேர்க்கிறது, ஷேட்டும் கூடவே போகிறது. ஏரியின் பிக் மினரல் கிளையிலும், மேலே சிவப்பு ஆறு வந்து சேரும் சேற்றுத் தட்டையிலும் இதைப் பார்க்கலாம். சத்தம் போடாமல் நங்கூரம் இறக்க வேண்டும். தெளிவான குளிர்நீரில், படகின் தரையில் பெட்டியை இழுக்கிற ஓசையே மீனை ஓட்டிவிடும். கெளுத்தியின் காற்றுப்பையும் உட்காதும் சின்னஞ்சிறு எலும்புகளால் இணைந்திருக்கின்றன. நாம் கேட்காததையும் அது கேட்கும்.

ஷேட்டை வீச்சுவலை போட்டு அன்றன்றே பிடியுங்கள். கடையில் விற்கும் உறைந்த ஷேட் கரைந்ததும் கொழகொழவென்று ஆகி முள்ளில் நிற்காது. உள்ளங்கை நீளத்தைத் தாண்டிய ஷேட்டாகப் பார்த்து, செவுளுக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக வெட்டினால் தலையோடு குடலும் ரத்தமும் சேர்ந்து ஒரு துண்டு வரும். பெரிய மீனுக்கு அதைவிட நல்ல இரை எனக்குத் தெரிந்து இல்லை. முள்ளை மூக்குத் துளை வழியாக ஏற்றி, முனை முழுக்க வெளியே தெரியும்படி விடுங்கள். முனை சதையில் புதைந்துவிட்டால் மீன் வாயில் ஏறாது. நடுத்துண்டை இரையாக்குவதாக இருந்தால் வாலை நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

முள் என்றால் சர்க்கிள் ஹூக் மட்டும்தான். 8/0 அல்லது 10/0 அளவு. முனை உள்நோக்கி வளைந்த இந்த முள், மீன் விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். இதற்கு ஒரு பொறுமை வேண்டும். தடி வளைந்ததும் நம் ஊர் வழக்கப்படி சுண்டி இழுத்தால் முள் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். தடியைத் தாங்கியிலேயே விட்டுவிடுங்கள். அது வளைந்து வளைந்து, நுனி தண்ணீரைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு இருங்கள். பிறகு சக்கரத்தை மட்டும் சுற்றுங்கள். காவிரியில் பழகிய கை இதைச் செய்யக் கூசும். அப்பாவுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். நரம்பு 40 பவுண்டு, கடைசி இரண்டு அடி 60 பவுண்டு. அந்த இரண்டடியின் நடுவில் சின்னத் தக்கை ஒன்று சேர்த்தால் இரை சேற்றில் புதையாமல் ஓரடி உயரே நிற்கும். தெற்குக் கரோலினாவின் சான்டீ–கூப்பர் ஏரிகளில் பழகி வந்த முறை இது. காற்றில் படகை மெல்ல மிதக்கவிட்டு இரையைப் பின்னால் இழுத்துப் போகும்போது மிகவும் உதவும்.

அதற்குமேல் வேண்டியது நேரம். சிறிய மீன் கடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் பெரியது வராது என்பதில்லை. ஆனால் அந்தச் சிறிய கடிகளில் மகிழ்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டால் நாள் போய்விடும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் பெரியவர் சொன்னது சரி. உங்கள் 34 அங்குல மீன் 18 பவுண்டு சுமார் இருந்திருக்கும். வயது அநேகமாகப் பத்தைத் தாண்டியிருக்கும். மீனின் செவிக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல எண்ணித்தான் இந்த வயதைக் கணக்கிடுகிறார்கள். இருபது ஆண்டு தாண்டி வாழும் மீன் இது. மிகப் பெரிதாகிறவை மிகச் சில. ஒரே அளவு மீன்களுக்குள்ளேயே வயது பெரிதும் வேறுபடும், எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நாற்பது பவுண்டு மீன் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடம் அடுத்த ஆண்டு நிரம்பாது. உங்கள் பிள்ளை பள்ளி முடித்து வெளியே வரும்போதுதான் நிரம்பும். இரண்டு பவுண்டு மீனோ இந்த ஏரியில் ஏராளம், எடுத்தாலும் ஏரி தாங்கும். அந்தக் கணக்கில்தான் மாநிலங்களும் விதி வைத்திருக்கின்றன. டெக்சோமாவில் 30 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள நீலக் கெளுத்தி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதனால் உங்கள் நண்பர்கள் சட்டத்தை மீறவில்லை. அந்த வருத்தம் வேண்டாம்.

சமையல் கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது. மூன்று பவுண்டு கெளுத்தியின் சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். புளியும் மாங்காயும் போட்டுக் கொதிக்கவிட்டால் அதற்கு ஈடில்லை. கிழட்டு மீனில் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டிச் சிவப்புச் சதையும் மஞ்சள் கொழுப்பும் படிந்திருக்கும். சேற்று வாடை அங்கிருந்துதான் வருகிறது. பாதரசமும், பிசிபி போன்ற ஆலைக் கழிவு நஞ்சுகளும் இத்தனை ஆண்டு தின்ற மீன்களிலிருந்து சேர்ந்து சேர்ந்து உடம்பில் தங்கியிருப்பதும் பெரிய மீனில்தான். பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் அதைச் சமைக்கச் சொல்லமாட்டேன்.

இதை எல்லா நீருக்கும் பொதுவாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீலக் கெளுத்தி சிவப்பு ஆற்றுக்குச் சொந்த மீன். வர்ஜீனியாவின் கடலோர ஆறுகளில் அது விருந்தாளி. 1970களில் தூண்டில்காரர்களுக்காகவே கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது செசபீக் விரிகுடா வரை பரவி, அங்குள்ள நண்டையும் மீனையும் தின்று தீர்க்கிறது. அங்கே அரசே "பிடியுங்கள், தின்னுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறது. அங்கே இருந்து நீங்கள் எழுதியிருந்தால், பெரியதையே வாடைச் சதை நீக்கிச் சமைப்பது எப்படி என்று எழுதியிருப்பேனே தவிர, விடச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பாவின் கேள்விக்கு அவர் ஆற்றிலேயே பதில் இருக்கிறது. காவிரியின் திமில் மகசீர், ஒரு காலத்தில் 120 பவுண்டு வரை பிடிபட்ட மீன். 2018இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அணை, மணல் அள்ளுவது, வெடிவைத்துப் பிடிப்பது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேற்று மகசீர் என்று காரணம் பல. வாளையும் இப்போது அபாயப் பட்டியலில்தான். அவர் வயதுக்காரர்கள் காவிரியில் கண்ட பெரிய மீனை உங்கள் பிள்ளைகள் காணப்போவதில்லை. டெக்சோமாவில் இன்னும் காணலாம். அதற்கு, பிடிக்கிறவர்கள் விட்டதும் ஒரு காரணம். பெரிய மீனைத் தூக்கிப் பார்க்கிற பெருமை அவருக்கு எப்படியும் கிடைக்கும். கையில் எடை இறங்கும் அந்த நொடிக்குக் குழம்புச் சட்டி தேவையில்லை.

விடுவதிலும் ஒரு தொழில் இருக்கிறது. தப்பாகச் செய்தால், விட்ட மீன் மறுநாள் செத்து மிதக்கும். முடிச்சில்லாத ரப்பர் பூசிய பெரிய வலைக்கூடையில் ஏந்துங்கள். முள்ளை எடுக்கிறவரை மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும். செவுளில் விரலை விட்டுத் தொங்கவிட்டு எடை போடாதீர்கள், அந்த எடையில் உள்ளுறுப்புகள் கிழியும். வாயின் கீழ்த்தாடையை ஒரு கையால் பற்றி, மறு கையை வயிற்றுக்கடியில் கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். தாடையில் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்புப் பல் இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத் துடுப்பு முள்ளும் முதுகு முள்ளும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். குத்தினால் என்ன கடுப்பு என்று பவானிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகின் தரையில் ஈரப் பாய் விரித்துவிட்டுத்தான் மீனைக் கிடத்த வேண்டும். காய்ந்த தரை அதன் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும், அது போனால் தோலில் பூசணம் பிடிக்கும். படம் எடுப்பவர் முதலிலேயே தயாராக இருக்கட்டும். எடை தெரிய வேண்டுமானால் நீளத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டில் கிட்டத்தட்ட வரும். 40 அங்குல நீளம், 26 அங்குலச் சுற்று என்றால் 34 பவுண்டு. பிறகு தாடையைப் பிடித்தபடி தண்ணீரில் நிமிர்த்தி வையுங்கள். அதுவாக உதறிக்கொண்டு போகும், தள்ளிவிட வேண்டாம். கோடையில் வெதுவெதுப்பான நீரில் நீண்ட நேரம் போராடிய மீன் இவ்வளவு செய்தாலும் பிழைப்பது கடினம். பெரிய மீன் குறியென்றால் குளிர்காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம். படகில் ஏறும்போதே மாட்டி விடுங்கள். வடக்குக் காற்று திடீரென்று இறங்கினால் டெக்சோமாவில் கடல் அலை எழும், பிப்ரவரித் தண்ணீரில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. வானிலை அறிவிப்பில் குளிர்முகம் (cold front) வருகிறது என்று இருந்தால் அன்று கரையிலேயே போடுங்கள். 121 பவுண்டு மீனே கரையில்தான் வந்தது.

உரிமம் பற்றி: ஏரியின் குறுக்கே இரு மாநில எல்லை போகிறது, அது பழைய ஆற்றுத் தடத்தைப் பின்பற்றுவதால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. டெக்சஸ் உரிமத்தோடு ஓக்லஹோமா பக்கம் மிதந்துபோனால் அபராதம். முழு ஏரிக்கும் செல்லும் டெக்சோமா உரிமம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து வருபவர் என்பதால் அப்பாவுக்கும் அவர் பெயரில் ஒன்று வேண்டும். திரும்பும்போது படகிலும் இரைத் தொட்டியிலும் உள்ள தண்ணீரைத் துறையிலேயே வடித்துவிடுங்கள். 2009இல் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பி (zebra mussel) என்ற அந்நியச் சிப்பி, ஒரு வாளித் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். வடிக்காவிட்டால் சட்டப்படியும் குற்றம்.

படம் எடுத்தால் அனுப்புங்கள். மீனின் நீளத்தையும் சுற்றளவையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.