கிரைண்டரில் பிடித்த கவ்வாத்துக் கத்தி உடனே மழுங்குகிறதா?

புதுக் கத்தி வாங்க வேண்டாம். கிரைண்டர் பிடித்த பிறகு நாலு தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டுவதற்குள் கூர் போய்விடுகிறது, விளிம்பு நீலமாக இருக்கிறது என்கிறீர்கள். சூட்டில் பதம், அதாவது உருக்கின் கடினம், இறங்கியிருக்கும். உருக்கு 300 பாகை செல்சியஸ் அளவில் நீலம் பூக்கும்.

நீலம் ஏறாத விளிம்பில் அரத்தை லேசாக இழுங்கள், அப்புறம் நீலத்தில். அங்கே சுலபமாகக் கடித்தால் அதுதான் காரணம்.

தண்ணீர் விட்டு, தீட்டுக்கல்லில் கையாலேயே அந்த இடத்தைத் தேய்த்து எடுங்கள். நிறம் மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நிறம் மேலோடுதான், மென்மை உள்ளேயும் இருக்கும். அரம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வழுக்கும்வரை தேயுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் மழுங்கல் கத்தி கிளையைப் பிளந்துவிடும், செடி பாவம்.

அலகு முழுக்க மென்மையென்றால் கல் உதவாது, கொல்லுப்பட்டறையில் மறுபடி பதம் போட வேண்டும்.