அமெரிக்காவில் கிறிஸ்தவர்கள் குறைந்துகொண்டே போவது ஏன்? அதில் அரசியலுக்குப் பங்கு உண்டா?

பங்கு உண்டு. ஆனால் பெரும்பாலோர் நினைக்கிற வரிசையில் இல்லை.

"படிப்பும் அறிவியலும் வளர்ந்ததால் கடவுள் நம்பிக்கை போய்விட்டது, நம்பிக்கை போனவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள், அவ்வளவுதானே?" என்று கேள்விக்குக் கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். கணிசமான பேருக்கு நடந்தது தலைகீழ். கட்சி முதலில் முடிவானது, மதம் அதற்கேற்ப மாறிக்கொண்டது.

நான் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. குடும்பம். வட கரோலினாவில் குடியேறி நாளாகிவிட்டது. சபைக்குப் போகிறவன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண்கள். பியூ ஆய்வு மையம் 2007ல் கணக்கெடுத்தபோது அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றார்கள். 2014ல் அது 71, 2023-24ல் 62. அதே காலத்தில் "எந்த மதமும் இல்லை" என்றவர்கள் 16லிருந்து 29 சதவீதமானார்கள். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1937 முதல் வழிபாட்டுத் தலங்களில் (சபை, யூத ஜெப ஆலயம், மசூதி) உறுப்பினராக இருப்போரின் கணக்கு வைத்திருக்கிறது. 1999ல்கூட 70 சதவீதமாக இருந்தது, 2020ல் 47 ஆகி, முதன்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியது.

"மதம் இல்லை" என்றவர்களெல்லாம் நாத்திகர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் தன்னை நாத்திகர் என்று சொல்பவர் ஆறில் ஒருவர்தான். பெரும்பகுதியினர் "குறிப்பாக எதுவும் இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள். அவர்களில் பலர் கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புகிறார்கள். அப்படியென்றால் அறிவியல் வந்து நம்பிக்கையைத் துரத்திவிட்டது என்ற கதை இங்கேயே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

1950களில் நிலைமை வேறு. சோவியத் யூனியன் "கடவுளற்ற கம்யூனிசம்", அமெரிக்கா கடவுளின் பக்கம், இதுதான் அன்றைய பேச்சு. ஐசனோவர் 1953ல் ஜனாதிபதி ஆன பிறகுதான் ஞானஸ்நானமே எடுத்தார். 1954ல் கொடி உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" என்ற சொற்களைச் சேர்த்தார்கள். 1956ல் "கடவுளை நம்புகிறோம்" என்பது நாட்டின் அதிகாரபூர்வ வாசகமானது. மதமும் அரசியலும் அன்றும் கலந்துதான் இருந்தன. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஞானப்பாட்டைப் பாடினார்கள். சபைக்குப் போவது நல்ல குடிமகனுக்கு அடையாளம், எந்தக் கட்சிக்கும் அடையாளம் இல்லை.

1976ல் ஜெயித்த ஜிம்மி கார்ட்டர் ஜனநாயகக் கட்சிக்காரர். தெற்கத்திய பாப்டிஸ்ட், ஞாயிறு பள்ளி ஆசிரியர், "மறுபடியும் பிறந்தவன்", அதாவது மனம் மாறி இயேசுவை ஏற்றவன், என்று வெளிப்படையாகச் சொன்னவர். இன்றைக்கு இதைச் சொன்னால் இளவட்டங்கள் நம்ப மறுக்கிறார்கள்.

மாற்றம் அதற்குப் பின் சில ஆண்டுகளில் வந்தது. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1979ல் "மாரல் மெஜாரிட்டி" என்ற அமைப்பைத் தொடங்கினார். கருக்கலைப்பை எதிர்க்கத்தான் அது பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. கருக்கலைப்பு அன்று பெரும்பாலும் கத்தோலிக்கர்களின் போராட்டம். நாட்டின் மிகப் பெரிய புரோட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, 1971ல் சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. ரேண்டல் பால்மர் போன்ற வரலாற்றாசிரியர்கள் வேறொரு காரணத்தைக் காட்டுகிறார்கள். கறுப்பின மாணவர்களை ஒதுக்கிய தனியார் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களின் வரிவிலக்கில் அரசு கை வைத்தது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976ல் வரிவிலக்கை இழந்தது, உச்ச நீதிமன்றமும் 1983ல் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. போதகர்களை அரசியலுக்கு இழுத்த முதல் கோபம் இதுதான் என்பது பால்மரின் வாதம். எல்லா வரலாற்றாசிரியர்களும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் பொருந்துகிறது.

1980 ஆகஸ்டில் டாலஸில் கூடிய ஆயிரக்கணக்கான போதகர்களிடம் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் ரீகன் போனார். நீங்கள் எனக்கு ஆதரவு தர முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களுக்கு ஆதரவு தருகிறேன் என்ற பொருளில் பேசினார். அன்றோடு முடிச்சுப் போட்டாயிற்று. ஞாயிறு பள்ளி வாத்தியார் கார்ட்டர் தோற்றார், விவாகரத்தான ஹாலிவுட் நடிகர் ஜெயித்தார். கார்ட்டர் பிறகு 2000ல் பெண்களின் இடம் பற்றிய நிலைப்பாட்டில் முரண்பட்டுத் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாட்டோடு உறவை முறித்துக்கொண்டார். தன் ஊர்ச் சபையை விடவில்லை, வெகுகாலம் அங்கே ஞாயிறு பள்ளி நடத்தினார்.

சரி, இதற்கும் கிறிஸ்தவர்கள் குறைந்ததற்கும் என்ன தொடர்பு?

1990கள் வரை "மதம் இல்லை" என்றவர்கள் 7 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் அது 14 ஆனது. மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2002ல் இதை அலசினார்கள். மக்களின் கடவுள் நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. கூடுதலாக விலகியவர்கள் மிதவாதிகளும் தாராளவாதிகளும்தான், பழமைவாதிகளிடம் அந்த ஏற்றம் இல்லை. ஏற்கெனவே சபையோடு மெல்லிய தொடர்பு மட்டும் வைத்திருந்தவர்கள், கிறிஸ்தவன் என்றால் ஃபால்வெல் ஆள் என்று அர்த்தமாகிவிட்டால் நான் அந்தப் பட்டியலில் இல்லை என்று பெயரை வெட்டிக்கொண்டார்கள். இதுதான் அவர்கள் கண்டது. வளர்ப்பில் மதத்தின் பிடி தலைமுறைக்குத் தலைமுறை தளர்ந்ததையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

பியூவின் பிந்தைய கணக்கும் இதையே காட்டுகிறது. தாராளவாதிகளில் கிறிஸ்தவர்கள் 2007ல் 62 சதவீதம், இப்போது 37. பழமைவாதிகளில் 89லிருந்து 82தான். ஒரே நாடு, ஒரே கைபேசி, ஒரே பாடப்புத்தகங்கள். அறிவியல்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் சரிந்திருக்க வேண்டாமா?

மறுபக்கத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் (வேதாகமத்தையும் மனமாற்றத்தையும் அழுத்திச் சொல்லும் புரோட்டஸ்டன்ட்கள்) பத்தில் எட்டுப் பேர் 2016லும் 2020லும் 2024லும் டிரம்புக்குத்தான் போட்டார்கள், அது ஊரறிந்தது. 2016ல் தங்களை இவாஞ்சலிக்கல் என்று சொல்லாதிருந்த வெள்ளை டிரம்ப் ஆதரவாளர்களில் 16 சதவீதம் பேர் 2020க்குள் அந்த அடையாளத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டிரம்பை ஆதரிக்காத வெள்ளையரிடம் அது ஒரு சதவீதம். ஆராதனைக்கு எப்போதாவதுகூடப் போகாதவர்களும் அதில் உண்டு. நம் ஊர்க் கரை வேட்டி மாதிரிதான். கட்டியிருப்பவர் கட்சியின் கொள்கைப் புத்தகத்தைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

கரை வேட்டி கட்டினால் கொள்கையும் மெதுவாகக் கட்சிக்கு ஏற்ப வளையும். ஜனாதிபதி கிளிண்டனின் பாலியல் விவகாரம் நாறிய 1998ல், பதவியில் இருப்பவருக்கு ஒழுக்கம் மிக முக்கியம் என்று தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். 2011ல் பி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் கேட்டபோது, தனி வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் நேர்மையாக நடக்க முடியும் என்று சொன்ன வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016ல் அதே கேள்விக்கு 72 சதவீதம். வேதாகமம் அதே வேதாகமம்தான், நடுவில் வேட்பாளர் மட்டும் மாறினார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. 18 முதல் 24 வயது வரையானவர்களில் இன்று 46 சதவீதம் பேர்தான் கிறிஸ்தவர்கள். 74 வயதைத் தாண்டியவர்களில் 80 சதவீதம்.

அப்படியென்றால் பிரசங்க மேடையில் அரசியல் பேசினாலே சபை காலியாகுமா? இல்லை, இதற்கு எதிர்ச்சான்று உண்டு. கறுப்பினச் சபைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் சபையில் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்தார். இன்று அங்கே மூத்த போதகராக இருக்கும் ரஃபேல் வார்னாக் 2021 முதல் அமெரிக்க செனட்டர். இதைவிட வெளிப்படையான அரசியல் வேண்டுமா? அங்கே அரசியல் மக்களைத் துரத்தவில்லை. உரிமை கேட்டவர்களுக்கு அந்தச் சபை ஒரு கூரையாக இருந்தது. எனவே வெறும் அரசியல் அல்ல சிக்கல். சபைக்குள் இருப்பவருக்கே "இது என் எதிர்க்கட்சியின் கிளை அலுவலகம்" என்று தோன்றும்போதுதான் அவர் செருப்பைத் தேடுகிறார்.

இன்னொரு எதிர்ச்சான்று லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களில் கத்தோலிக்கர்கள் 2010ல் 67 சதவீதம், 2022ல் 43. இதை அமெரிக்கக் கட்சிச் சண்டையில் முழுதாக ஏற்றிவிட முடியாது. அப்புறம் பாலியல் கொடுமைகள்: 2002ல் பாஸ்டன் கத்தோலிக்கக் குருக்களைப் பற்றி வெளிவந்தது, 2022ல் தெற்கத்திய பாப்டிஸ்ட் தலைமை புகார்களை வருடக்கணக்கில் அமுக்கியது பற்றிய அறிக்கை வந்தது. இதற்காகப் போனவர்களைக் கட்சிக் கணக்கில் எழுதுவது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கால்பந்துப் போட்டி வைப்பதுகூட ஒரு காரணம்தான், சிரிக்காதீர்கள், இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது மெயின்லைன் எனப்படும் பழைய புரோட்டஸ்டன்ட் சபைகளின் கதை. மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், எபிஸ்கோபல், லூத்தரன் எல்லாம் இதில் சேர்த்தி. அரசியலில் அதிகம் கத்தாதவர்கள், ஆனால் பெரிய அடி இவர்களுக்கும்தான். 2007ல் மக்கள்தொகையில் 18 சதவீதம், இப்போது 11. மதுரை அமெரிக்கன் கல்லூரியை 1881ல் தொடங்கிய மிஷனரிகள் காங்கிரிகேஷனல் சபையினர். அந்த மரபின் பெரும்பகுதி இன்று யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற அமைப்பில் இருக்கிறது. 1957ல் அது உருவானபோது சுமார் 20 லட்சம் உறுப்பினர்கள், இன்று அதில் பாதிகூட இல்லை. நமக்குக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்த சபைகள்தான் தங்கள் ஊரில் கூரைக்குக் காசில்லாமல் நிற்கின்றன.

எங்கள் தமிழ் ஆராதனை அப்படி ஒரு மெயின்லைன் சபையின் கட்டடத்தில்தான், ஞாயிறு மதியத்தில் நடக்கிறது. காலையில் அவர்கள் ஆராதனைக்கு வருவோர் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். நாங்கள் கொடுக்கும் வாடகை அவர்களுடைய ஹீட்டர் பில்லுக்குப் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை அசனம் (சபை விருந்து) போடும்போது அவர்களையும் கூப்பிடுவோம், சாம்பாரை ஒரு கை பார்ப்பார்கள். அவர்களில் ஒரு பாட்டியிடம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "நான் சபைக்குப் போகிறேன் என்று ஆபீசில் சொன்னால் நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவர்களே முடிவுசெய்துவிடுகிறார்கள், அதனால் சொல்வதில்லை, பிறகு போவதும் நின்றுவிட்டது" என்று மகள் சொன்னாளாம். அவர்கள் சபை ஒருநாளும் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்ததில்லை.

ராயன் பர்ஜ் என்ற அரசியல் அறிவியலாளரை இந்தப் புள்ளிவிவரங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். மதம் விட்டவர்களைப் பற்றி விடாமல் எழுதுபவர். அவரே இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக இருந்தவர். ஆள் குறைந்து குறைந்து அந்தச் சபை 2024 ஜூலையில் மூடப்பட்டது.

அதிகாரத்தை மட்டும் இந்தச் சரிவு எட்டவில்லை. 2025ல் பதவியேற்ற காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) சுமார் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். மதமற்றவர்கள் மக்களில் கால்வாசிக்கு மேல், நாடாளுமன்றத்தில் விரல் விட்டு எண்ணலாம். ஜனநாயகக் கட்சிக்கு இது சங்கடம்: கறுப்பினச் சபைத் தாய்மார்களும் சபை வாசலையே மிதிக்காத நகர்ப்புற இளைஞர்களும் ஒரே மேடையில். நம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கான உட்கட்சிப் போட்டியில் நின்றபோது, தான் இந்து என்பதை மறைக்காமல், யூத-கிறிஸ்தவ விழுமியங்களோடு அது ஒத்துப்போகும் என்று அயோவா மாநிலம் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தார். 2024 ஜனவரியில் அங்கே நான்காவதாக வந்தார்.

இனி என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2019க்குப் பிறகு சரிவு ஏறக்குறைய நின்றிருக்கிறது, கிறிஸ்தவர்களின் பங்கு 60க்கும் 64 சதவீதத்துக்கும் நடுவில் ஆடுகிறது. எழுப்புதல், அதாவது மத மறுமலர்ச்சி, வந்துவிட்டது என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 80 சதவீதம் கிறிஸ்தவர்களாக உள்ள தலைமுறை இறக்கிறது, 46 சதவீதம் உள்ள தலைமுறை பிள்ளை பெறப்போகிறது. இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவில் குடியேறியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள்: மெக்சிகோக்காரர், பிலிப்பினோ, நைஜீரியர், கொரியர், எங்களைப் போல ஒரு கைப்பிடித் தமிழர்களும் மலையாளிகளும். அவர்கள் வருவதை நிறுத்துங்கள், வந்தவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று உரக்கக் கேட்கும் கட்சிக்குத்தான் வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் பத்தில் எட்டுப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள்.