கட்டடம் எழும்பி முடிந்துவிட்டால் பெர்மிட்டுக்கு எதிரான ரிட் வழக்கு செத்துப்போகுமா?

கேள்வியின் சுருக்கம்: கல்முனையில் பக்கத்துக் காணியில் நான்கு மாடி எழும்புகிறது. எல்லையில் விடவேண்டிய இடைவெளி விடப்படவில்லை. அந்தக் கட்டட அனுமதிக்கு எதிராக ரிட் (அதிகாரிகளின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்திடம் கேட்கும் எழுத்தாணை) வழக்குப் போட்டு ஒரு வருடமாகிறது, இதற்குள் மூன்றாவது சிலாப்பும் போட்டாயிற்று. 'இனி வழக்கால் பிரயோசனமில்லை' என்கிறது எதிர்த்தரப்பு.

முதலில் ஒன்று. மட்டக்களப்பு, அம்பாறையில் பெர்மிட் என்றாலே பலருக்கு 1935இன் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப் பெர்மிட்தான் ஞாபகம் வரும். அது அரச காணி விவகாரம், வேறு கதை. இங்கே பேச்சு கட்டட அனுமதி பற்றியது.

கட்டடம் முடிந்ததாலேயே வழக்கு முடிந்துவிடாது. 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, பெர்மிட் இல்லாமலோ பெர்மிட் நிபந்தனைக்கு மாறாகவோ தொடங்கிய வேலையை மட்டுமல்ல, முடித்த வேலையையும் பிடிக்கும். அறிவித்தல் கொடுத்தும் கேட்காவிட்டால், அதிகார சபை நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை கேட்கலாம். ஆகவே உங்கள் மனுவின் இறுதி வேண்டுகையைப் பாருங்கள். 'பெர்மிட்டை ரத்துச் செய்க' என்று மட்டும் இருந்தால், ரத்துச் செய்து என்ன காணப்போகிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். 28ஏயின் கீழ் நடவடிக்கை எடுக்க அதிகார சபையைப் பணிக்கும் ஆணையையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம். அங்கீகரித்த பிளானில் இடைவெளி இருந்து, கட்டியவர்தான் அதை விழுங்கிவிட்டார் என்றால் பெர்மிட்டில் பிழையே இல்லை. அதை எதிர்த்து மெனக்கெட வேண்டாம். நிபந்தனை மீறலைப் பிடியுங்கள். பிளான் பிரதிக்கு 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பியுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வழக்கு உண்மையில் சாவது பெரும்பாலும் கடதாசியில்தான். நடுவில் திருத்திய பிளானுக்கு அனுமதி கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எதிர்த்த பெர்மிட் அப்போது வெறும் பழைய தாள். கால நீடிப்பும், குடிபுகுவதற்கான சி.ஓ.சியும் (இணக்கச் சான்றிதழ்) அப்படித்தான், ஒவ்வொன்றும் புதிய தீர்மானம். தெரிந்தவுடன் மனுவைத் திருத்த அனுமதி கேளுங்கள். காணி கைமாறினால் புதிய உரிமையாளரை எதிர்மனுதாரராகச் சேருங்கள். அதிகாரசபையே பெர்மிட்டை மீளப்பெற்றால் சந்தோஷத்தில் வழக்கை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். பெர்மிட்டை மீளப்பெற்றதாக அதிகாரசபை சொல்வதையும், தேவைப்பட்டால் மீண்டும் வழக்கிடும் உரிமையையும் வழக்கேட்டில் பதியச் செய்த பிறகு வாங்கலாம்.

வழக்குப் போட்டதாலேயே கொங்கிறீட் மெஷின் நிற்காது, இடைக்காலத் தடை வேண்டும். கிடைத்தாலும் அந்தத் தடை குறித்த திகதிவரைக்குமே. அந்தத் தவணையில் நீடிக்கக் கேட்க மறந்தால் அடுத்த நாளே அடுத்த சிலாப்புக்குத் தட்டு அடிப்பார்கள். தடை கேட்காமல் ஒரு வருடம் இருந்ததுதான் உங்கள் பலவீனம். ரிட் என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபு, கொடுப்பதும் மறுப்பதும் அதன் கையில். பயனற்ற விளைவைத் தரும் எழுத்தாணை வழங்கப்படாது என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. அத்திவாரம் வெட்டும்போதே ஆட்சேபித்த கடிதங்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, திகதியுள்ள படங்கள் இருந்தால் இப்போதே சட்டத்தரணியிடம் கொடுத்து, திருத்திய மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள்.