விக்டோரியா காலப் பந்தயக் குதிரை ஓவியங்கள்: கேள்வி பதில்

பந்தயக் குதிரையும் ஜாக்கியும் இடம்பெற்ற பழைய ஆங்கிலேய எண்ணெய் ஓவியங்களைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் வாங்கினேன். கையெழுத்தே இல்லை. யார் வரைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓவியரைத் தேடுவதற்கு முன் குதிரையைத் தேடுங்கள். இவை பொதுவாக ஏதோ ஒரு குதிரையின் படங்கள் அல்ல. பந்தயத்தில் வென்ற ஒரு குறிப்பிட்ட குதிரையை அதன் உரிமையாளர் வரையச் சொல்லி வாங்கிய உருவப்படங்கள். நெற்றியில் சுட்டி இருக்கிறதா, எந்தக் கால் வெள்ளை, வெள்ளை எதுவரை ஏறியிருக்கிறது என்பதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதால் நல்ல ஓவியர் இதில் தவறமாட்டார்.

அடுத்து ஜாக்கியின் சட்டையும் தொப்பியும். உரிமையாளர்கள் தங்களுக்கென ஒரு நிறத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலேயக் குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப் 1762-லேயே கேட்டுக்கொண்டது. கறுப்புச் சட்டை, வெள்ளைக் கை, சிவப்புத் தொப்பி என்றால் ஃபால்மவுத் பிரபுவின் லாயம். மஞ்சள் சட்டையும் கறுப்புத் தொப்பியும் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுடையவை. ஒரே நிறம் பல தலைமுறைகள் தொடர்வதும் உண்டு. ஆகவே நிறம் குடும்பத்தைக் காட்டும், ஆண்டைக் காட்டாது. பின்னணியையும் விடாதீர்கள். பரந்த புல்வெளியில் தனியாக ஒரு செங்கல் கட்டடம் தெரிந்தால் அது இங்கிலாந்தின் பந்தய ஊரான நியூமார்க்கெட்டாக இருக்கலாம். ஓடி வியர்த்த குதிரைகளைத் தேய்த்துத் துடைக்க அங்கே அப்படிப்பட்ட கட்டடங்கள் இருந்தன. அந்த ஊரிலேயே வாழ்ந்து ஏராளமான வெற்றிக் குதிரைகளை வரைந்தவர் ஹாரி ஹால்.

கேள்வி: ஜாக்கி நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்திருக்கிறார். குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னுமாக நீண்டு பறக்கின்றன. வரையத் தெரியாதவர் வேலையா?

இல்லை. அன்றைய ஆங்கிலேய ஜாக்கிகள் நீளமான அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையத்தில்) காலை நீட்டி, நிமிர்ந்துதான் ஓட்டினார்கள். 1897-இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாட் ஸ்லோன் அங்கவடியைக் குறுக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டி வென்ற பிறகுதான் அந்தப் பழக்கம் மாறியது. கூன் போட்டுக் குனிந்திருக்கும் ஜாக்கியைக் காட்டி "1860-ஆம் ஆண்டு ஓவியம்" என்று ஒருவர் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கால்கள் விஷயத்திலும் அப்படித்தான். பாய்ச்சலில் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பதை 1878-இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜின் படங்கள் காட்டின. அதுவரை ஓவியர்கள் நீட்டியே வரைந்தார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் 1821-ஆம் ஆண்டு எப்சம் டெர்பி பந்தய ஓவியத்திலும் அப்படித்தான்.

கேள்வி: படத்தின் மரச் சட்டத்தில் குதிரையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. நம்பலாமா?

சட்டம் மாறும், தகடும் மாறும். சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. உயிரோடிருந்த குதிரையின் பெயரிலேயே குழப்பம் நேர்ந்திருக்கிறது. 1880 டெர்பியில் ஃபிரெட் ஆர்ச்சர் ஓட்டி வென்ற பெண்ட் ஆர், உண்மையில் டாட்காஸ்டர் என்ற வேறு குதிரை என்று தோற்றவர்கள் புகார் செய்தார்கள். புகார் தள்ளுபடியானது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள பெண்ட் ஆரின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை 2012-இல் வெளியான ஆய்வு ஒப்பிட்டபோது, தாய்வழி டாட்காஸ்டரோடுதான் பொருந்தியது! அந்தக் காலத்துப் பெண்ட் ஆர் படங்களை இப்போது பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி: "ஜே. எஃப். ஹெரிங்" என்று கையெழுத்து இருக்கிறது. பெரிய தொகை கேட்கிறார்கள்.

பொறுங்கள். மூத்த ஹெரிங் (1795–1865) கோச் வண்டி ஓட்டுநராக இருந்து ஓவியரானவர். டான்காஸ்டர் நகரத்துச் செயின்ட் லெஜர் பந்தயத்தில் வென்ற குதிரைகளை 33 ஆண்டுகள் தொடர்ந்து வரைந்தவர். அவருடைய மகனுக்கும் அதே பெயர், அதே தொழில். குழப்பம் தீர, 1836 முதல் தந்தை தம் கையெழுத்தில் "மூத்தவர்" என்று சேர்த்துக்கொண்டார். இருவரின் விலைக்கும் வெகு தூரம்.

கேள்வி: அச்சுப்படமா, ஓவியமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தூரிகைத் தடத்துக்கும் வண்ணத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஓவியம்போல் தோன்ற அச்சிட்ட ஓலியோகிராஃபில் தடம் ஒரு பக்கம் போகும், அடியில் வண்ணப் புள்ளிகள் வேறு பக்கம் கிடக்கும். ரவிவர்மா அச்சகப் படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் பழக்கமானவை.

கேள்வி: படம் முழுதும் பழுப்பேறிவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். மாவுச்சத்தும் ஈரமும் விரிசலுக்குள் இறங்கி வண்ணத்தைப் பெயர்க்கும். பூச்சியும் பூஞ்சையும் வரும். பழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் மேலே பூசிய வார்னிஷ். அதை நீக்குவது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வேலை. கடிவாள வாரும், பிடரி மயிரும், ஜாக்கியின் முகமும் ஆகக் கடைசியில் மிக மெல்லிய வண்ணத்தால் தீட்டப்பட்டவை. அவசரத் துடைப்பில் முதலில் போவது அவைதான், போனால் திரும்ப வராது. அதுவரை பின்பக்கத்தையும் சுத்தம் செய்யாதீர்கள். வண்ணக் கடைகளின் முத்திரையும் ஏல எண்ணும் கான்வாஸின் முதுகில்தான் இருக்கும்.

கேள்வி: தாத்தா காலத்திலிருந்தே சென்னையில் உள்ள படத்தை லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, வெளிநாட்டில் வரையப்பட்டிருந்தாலும் இந்தியாவில் உள்ள அத்தகைய ஓவியத்தைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. உள்நாட்டில் விற்கலாம். அதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து, ஜாக்கியின் சட்டை ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.