பிளாக் பெல்ட் இருக்கட்டும், முதலில் ரிஜெக்‌ஷன் கணக்கு

வணக்கம் அம்மா. மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் டிரெயினியாக இருக்கிறார், தயாரிப்பில் பிழையைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையில் பிளாக் பெல்ட் என்ற உயர்நிலைச் சான்றிதழ் படிக்கப் பணம் கேட்கிறார், வளையலை அடகு வைக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இப்போது வேண்டாம்.

படிப்பில் குறை இல்லை. பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 பிழைக்கு மேல் வரக்கூடாது என்ற இலக்கோடு 1986-இல் மோட்டோரோலா தொடங்கிய முறை அது. 1995-இல் ஜெனரல் எலக்ட்ரிக் அதைக் கையில் எடுத்தது. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு வேறொரு தர முறையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து, 1998-இல் தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசையே வாங்கியது. இந்த முறைகளில் பணம் இருக்கிறது. ஆனால் அது சான்றிதழில் இல்லை, மகன் தினமும் நிற்கும் ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 400 பம்ப் காஸ்டிங் ஊற்றுகிறார்கள், அதில் 5 சதவீதம் குறையால் கழிபடும், அதாவது ரிஜெக்‌ஷன் என்று வைத்துக்கொள்வோம். 20 பீஸ். அச்சு மண்ணில் ஈரம் கூடினால் காஸ்டிங் உள்ளே புளோ ஹோல், அதாவது காற்றுக் குழி விழும். மெஷினில் கடைந்த பிறகுதான் பல நேரம் அது கண்ணில் படும். இரும்பைத் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். கூலி, கரண்ட், கடைசல் செலவு போனது போனதுதான். பீஸுக்கு 300 ரூபாய் என்றால் நாளைக்கு 6,000. ஈரத்தை மணிக்கொரு முறை சோதித்து, ரிஜெக்‌ஷனை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நாளைக்கு 3,600 மிச்சம். மாதம் 25 நாளுக்கு 90,000. வருஷத்துக்கு 10,80,000 ரூபாய்.

நேர்முகத் தேர்வில் கேட்பது இதைத்தான்: "எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?" இதற்குப் பதில் இல்லாத பிளாக் பெல்ட்டை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பிள்ளைகள் தடுமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. மெஷினை அடுத்த வேலைக்கு மாற்றிப் பொருத்தும் செட்டப் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினேன் என்பார்கள். நல்ல வேலைதான். ஆனால் மிச்சமான 25 நிமிடத்தில் ஓவர்டைம் குறைந்ததா, கூடுதல் பீஸ் ஓடி விற்றதா? இரண்டும் இல்லை என்றால் கம்பெனிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

அதனால் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாத ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, எந்தக் குறை அதிகம் என்று பிரித்து எழுதட்டும். மோல்டிங் அண்ணன்களோடு உட்கார்ந்து பேசட்டும்; காரணம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக் குறைக்கட்டும். மிச்சத் தொகையை அக்கவுண்ட்ஸ்காரரிடம் காட்டிச் சரிபார்க்கட்டும். பிளாக் பெல்ட்டுக்குக் கீழ்ப்படியான கிரீன் பெல்ட்டை அப்புறம் பார்க்கலாம், கம்பெனியே அனுப்புமா என்றும் கேட்கலாம்.

ஆறு மாதம் போகட்டும். வளையல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதை முதல் வரியாக வைத்து ரெஸ்யூமே எழுதித் தருகிறேன்.